கன்னி மூலைக் கட்டில்

சுபாஷிணி முதன்முறை என் கடைக்கு வந்தபோது தன் அம்மாவின் கைப்பிடியைத் தாளில் கொண்டுவந்திருந்தாள். கோதுமை மாவை உருட்டி அம்மாவின் இடது கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்தப் பிடி எவ்வளவு கனத்தை வளைக்கிறது என்று அளந்து மில்லிமீட்டரில் எழுதியிருந்தாள்.

“அண்ணா, இந்தக் கனத்துக்கு உருட்டுக் கைப்பிடி வேணுங்க. செவுத்தோட பொருத்துறாப்பல. பத்தடி.”

“ஸ்டீல்ல ரெடியா இருக்குதுங்க அம்மணி. பளபளன்னு இருக்கும், காலத்துக்கும் கெடக்கும்.”

“ஸ்டீல் வேண்டாங்க. ஆடிக் காத்துக்குச் சில்லுனு ஆயிரும். எங்கம்மாவுக்கு வலது கை வெளங்காது. இருக்கற ஒரு கையிலயும் சில்லுனு பட்டா விட்டுருவாங்க. மரத்துல குடுங்க.”

டவுன்ஹால் பக்கம் பிளைவுட், ஹார்டுவேர் விற்று எனக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. நிறத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், விலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாங்கினார் என்று கேட்டு அதைவிடப் பெரிதாக வாங்கியிருக்கிறார்கள். சூட்டைக் கேட்டு வாங்க வந்தவள் இவள் ஒருத்திதான்.

ரங்கே கவுடர் வீதியில் மண்டி வாசலில் வளர்ந்தவன் நான். விலை சொன்னதும் எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டேன், கையைப் பார்ப்பேன். முகம் எவ்வளவு சலித்துக்கொண்டாலும், பொருள் வேண்டியவர் கை பொருளை விடாது. அவள் கை தேக்குத் துண்டை விடவில்லை. ஏமாற்ற நல்ல சமயம். ஏமாற்றவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கொஞ்சமாக ஏமாற்றினேன்.

“என்ன படிக்கிறீங்க அம்மணி?”

“இன்டீரியர் டிசைனுங்க. டிகிரி. கடைசி வருஷம்.”

“ஜன்னலுக்குத் திரை மாட்டுறதுங்களா?”

“எங்கப்பாவும் இதேதான் கேப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒட்டுக்காப் படிச்சீங்களா?”

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவியும் உயிரோடிருக்கும் ஒரு மனிதருக்கு ஓர் அறையை வடிவமைத்து, வரைந்ததோடு விடாமல் செய்தும் காட்ட வேண்டுமாம். ஏப்ரலில் வெளியூரிலிருந்து தேர்வாளர் நேரில் வந்து பார்ப்பாராம். அறையில் அந்த ஆள் இருக்க வேண்டும், புழங்க வேண்டும். அதற்குத்தான் பாதி மார்க். கூடப் படிக்கிறவர்கள் பேங்க் மேனேஜர் அறை, அழகு நிலையம், பல் டாக்டர் கிளினிக் என்று எடுத்துக்கொண்டார்கள். இவள் தன் அம்மாவை எடுத்துக்கொண்டாள்.

பீளமேட்டில் அவர்கள் வீடு. அப்பா சுந்தரராஜுலு நாயுடுவுக்குக் கணபதியில் ஃபவுண்டரி. கிணற்று மோட்டார்களுக்குப் பம்ப் பாடி வார்த்துக் கொடுப்பார்கள், நாற்பது பேர் வேலை செய்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, என்னைப் போல யாராவது போனால் தமிழ். அம்மா ராமாமணி தொண்ணூற்றாறு தை மாதம் குளியலறையில் விழுந்ததில் வலது பக்கம் வராமல் போயிற்று. பேச்சும் போய், நாலைந்து சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. ஆறு மாதமாக நடுக்கூடத்தில் கட்டில் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரும் உச்சுக்கொட்டுவதற்கு வசதியாகக் கிடத்தியிருந்தார்கள்.

வீட்டின் வடகிழக்கு மூலையில் விருந்தாளிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. கிழக்கே ஒரு ஜன்னல், வடக்கே ஒரு ஜன்னல். அதைத்தான் சுபா அம்மாவுக்கென்று பிடித்தாள். என் தச்சர் மைதீன் பிச்சையைக் கூட்டிக்கொண்டு நான் போனபோது அவள் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் அட்டையைப் பிடித்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க அம்மணி, மயக்கமா?”

“அம்மாவுக்கு என்ன தெரியுதுன்னு பார்க்கறேனுங்க. ஃபேனும் உத்தரமும்தான் தெரியுது. ரோடு தெரியலை. ஜன்னல் கீழ்ச்செவுத்தை ஒண்ணரை அடி எறக்கோணும்.”

கொத்தனார் வந்து ஜன்னலை இறக்கினார். மைதீன் பிச்சை கட்டில் காலை நாலு அங்குலம் அறுத்தார், அம்மாவின் முழங்கால் உயரத்துக்குச் சரியாக. கட்டில் தலைமாட்டிலிருந்து குளியலறை வாசல் வரைக்கும் தேக்குக் கைப்பிடி ஓடியது. அதை நாலு விதமான உப்புத்தாளில் மாற்றி மாற்றித் தேய்த்தார். சுபா கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள், “இங்க ஒரு நரம்பு தட்டுதுங்க பாய்” என்பாள், அவர் மறுபடி தேய்ப்பார்.

“முப்பது வருஷமா கட்டில் செய்யறேன் பாப்பா,” என்றார் மைதீன் பிச்சை. “அதுல ஒரு ஆள் படுக்கப்போறாங்கன்னு இன்னிக்குத்தான் நெனைக்கறேன்.”

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நஞ்சம்மாள் எங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டாள், நெய்யும் தயிரும் விட்டு. “உங்க படிப்பு முடியறதுக்குள்ள எங்கம்மா எந்திரிச்சு ஓடிப்போயிருவாங்களாட்ட இருக்குதுங்க அம்மிணி. என்ற வேலைக்கு ஒலை வெச்சுப்போடாதீங்க” என்றாள்.

ஆவணியில் அம்மா அந்த அறைக்கு வந்தார். காலையில் கிழக்கு வெயில் கட்டிலின் பாதி வரை ஏறும். தெருவில் தள்ளுவண்டிக் காய்க்காரர் நின்றால் அம்மா இடது கையைக் காட்டுவார், நஞ்சம்மாள் ஓடிப்போய் எதைக் காட்டினார் என்று தெரியாமல் குத்துமதிப்பாக எதையாவது வாங்கி வருவாள், அது தப்பாக இருக்கும், அம்மா கோபப்படுவார். பிழைத்துக்கொண்ட மனுஷி என்பதற்கு அந்தக் கோபத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பாக்கி வேலைக்குப் போயிருந்தேன். ராமாமணி அம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார். சுபா பத்து எண்ணினாள். பத்தும் நின்றார். வாசலில் சுந்தரராஜுலு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டதால்தான், பின்னால் நடந்ததற்கெல்லாம் அவரைக் கெட்டவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த வருஷங்களில் கோயமுத்தூர் முழுக்க வாஸ்துப் பித்துப் பிடித்திருந்தது. மில் படுத்துவிட்டால் பருத்தி விலையைப் பார்க்கமாட்டார்கள், கழிப்பறை எந்த மூலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கேட்டைப் பிடுங்கி நாலடி தள்ளி நடுவார்கள், படிக்கட்டை இடித்து எதிர்ப்பக்கம் கட்டுவார்கள். மதுக்கரை சிமெண்டுக்கும் என் கடைக்கும் நல்ல ஓட்டம். இடிக்கிறவர்கள் யாரும் எனக்கு விரோதிகள் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதம் சுந்தரராஜுலு வார்த்த பம்ப் பாடிகளில் பாதிக்கு மேல் ஊசிக்கண் ஓட்டை. லாரியில் போனது அதே லாரியில் திரும்பி வந்தது. அச்சு மணலில் ஈரம் ஏறிவிட்டது என்று பழைய மோல்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சம்பளம் வாங்குகிறவர் சொல்வதை எந்த முதலாளி நம்பினார்? பெரிய கம்பெனி ஒன்று இனி சரக்கு வேண்டாம் என்று கடிதம் போட்டது. சுந்தரராஜுலு பாலுசாமியைக் கூப்பிட்டார்.

பாலுசாமியை எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். பெயின்ட் கம்பெனி ரெப்பாக என் கடைக்கு வந்துகொண்டிருந்தவர். இப்போது நெற்றியில் சந்தனமும் கையில் திசைக்கருவியுமாக வாஸ்து நிபுணர். அவர் வந்த அன்று குளியலறைக் கதவுத் தாழ்ப்பாளை மாற்ற நானும் அங்கே இருந்தேன். என்னைத் தெரியாதவர் போலக் கும்பிட்டார்.

ஈசானிய மூலையில், அம்மாவின் அறை வாசலுக்கு வந்ததும் அவர் நடை நின்றுவிட்டது.

“ஏனுங்க, இந்த ரூம்புல அம்மா எத்தனை நாளாப் படுத்திருக்கறாங்க?”

“ஆவணியிலிருந்துங்க,” என்றார் சுந்தரராஜுலு.

“ஃபவுண்டரில ஓட்டை எப்பத்திலிருந்து?”

சுந்தரராஜுலு விரல் விட்டு எண்ணினார். அவர் முகம் மாறியது. “அதுக்கப்பறந்தானுங்க!”

“நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நீங்களே சொல்லிப்போட்டீங்க.”

பெயின்ட் விற்றபோதும் இப்படித்தான். எந்த நிறம் வேண்டும் என்று நம் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு, அவர் ஆர்டர் புத்தகத்தை மட்டும் விரிப்பார்.

“ஈசானியத்துல தண்ணி இருக்கலாமுங்க, சாமி இருக்கலாமுங்க. நோவு இருக்கப்படாது. ஊட்டுக்குத் தலையே அதுதான். தலைமேல நோவை வெச்சா தொழில் எப்பிடிங்க நிமிரும்?”

சுபா காலேஜிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் படம் சுருட்டும் நீளக் குழாயுடன். “வெளிச்சம் இங்கதானுங்க இருக்குது. எங்கம்மா இங்க வந்துதான் எந்திரிச்சு நின்னாங்க.”

“அம்மணி படிச்சது வேற. இது வேறைங்க.”

“ரெண்டும் செவுரும் கதவும்தானுங்களே?”

“நீங்க செவுத்துக்கு இந்தப் பக்கம் பார்க்கறீங்க. நாங்க அக்கட்டால பார்க்கறோம்.” அதோடு அவர் பின்கட்டுக்கு நடந்தார். தென்மேற்கு மூலையில் அரிசி மூட்டையும் செப்பு அண்டாக்களும் கிடக்கும் அறை. மேற்கே ஒரு சின்ன ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பாலுசாமி திசைக்கருவியைத் தரையில் வைத்து, முள் நிற்கும் வரை காத்திருந்தார்.

“கன்னி மூலைங்க. இங்க கனம் இருக்கோணும். அசையாத கனம். அம்மா அசையாமத்தானுங்க படுத்திருக்கறாங்க? அவங்க இங்க இருந்தா அந்தக் கனத்துல மொதலாளி அசையமாட்டாருங்க.”

சுபா கேட்டாள், “எங்கம்மா அசையறாங்க. பத்து எண்ணற வரைக்கும் நிக்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

“அதுதானுங்களே சிரமமே,” என்றார் பாலுசாமி, உண்மையாகவே வருத்தப்படுகிற குரலில். பிறகு ஜன்னலைப் பார்த்தார். “கன்னி மூலைல தொறப்பு ஆகாதுங்க. செட்டியார் ஒரு பலகை குடுத்தா அடைச்சுப்போடலாம்.”

அப்போதுதான் என்னை அவருக்குத் தெரிந்தது.

மூன்று நாள் கழித்து அந்த ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனேன். அடைமழை. போர்ட்டிகோவில் சுந்தரராஜுலு சேர் போட்டு உட்கார்ந்திருந்தார், சுபா தூணோரம் நின்றிருந்தாள். என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

“கண்ணு, உன்ற மாமன் நாளைக்கு வாராரு. தங்கச்சியைக் குடோன்ல தூக்கிப்போடறாங்கன்னு எவனோ கருமத்தம்பட்டி வரைக்கும் போயிச் சொல்லிப்போட்டான். நான் சொன்னா மாமன் கேக்கமாட்டாரு. நீ சொன்னாக் கேப்பாரு.”

“நான் என்னங்கப்பா சொல்லோணும்?”

“அந்த ரூம்பும் நல்லாத்தான் இருக்குதுன்னு. நீயே ஒரு ப்ளான் போட்டுக் காட்டிப்போடு. படிச்ச புள்ள படம் போட்டுக் காட்டுனா மறுபேச்சு இருக்காது.”

“நல்லா இல்லைங்களேப்பா. காத்து வராது. கைப்பிடி வெக்கச் செவுத்துல எடமில்ல, பூராவும் அலமாரி. கதவு ரெண்டடி, சக்கர நாற்காலி நொழையாது. எந்திரிக்க ஆரம்பிச்சவங்களைக் கொண்டுபோயி...”

“நாப்பது குடும்பங் கண்ணு. நாப்பது ஊட்டுல ஒலை கொதிக்கோணும். ஃபவுண்டரி போச்சுன்னா உங்கம்மாளுக்கு மாத்திரை ஆரு வாங்குவா? அந்த வெளிச்சமா வாங்கும்?”

மழை போர்ட்டிகோ ஓரத்தில் கோடு போட்டது. சுந்தரராஜுலு சேரிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து, வேறு ஏதோ விஷயம் பேசுகிறவர் போலச் சொன்னார், “உன்னைக் கேட்ட மதுக்கரை மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க தையிலயே முகூர்த்தம் வெச்சுப்போடலாம்ங்கறாங்க. படிப்பு பாதியில நின்னா அவங்களுக்கு ஒண்ணுமில்லையாமா. நாந்தான் முடியட்டும் முடியட்டும்னு சொல்லிட்டிருக்கறேன். எத்தனை நாளைக்குத்தான் சொல்றது?”

இரண்டையும் அவர் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு சரக்கைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், வாங்குகிறவர் தானாகவே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

நான் அவள் கையைப் பார்த்தேன். படக் குழாயை மார்போடு இறுக்கியிருந்தாள்.

“ஏப்ரல்ல வைவா,” என்றாள் கடைசியில். “அது வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாதுங்கப்பா.”

“எடுக்கலை.”

“முடிச்சு ஒரு வருஷம் வேலைக்குப் போவேன்.”

“ஆறு மாசம்.”

“பத்து.”

“ஆறு மாசங்கண்ணு. அதுக்கு மேல அவங்க கேக்கமாட்டாங்க.”

அவள் மழையைப் பார்த்தாள். “தேர்வாளர் வார அன்னிக்கு அம்மா அந்த ரூம்புல இருக்கோணும். ஆள் இல்லாத ரூம்புக்கு மார்க் போடமாட்டாங்க.”

“ஒரு நாள்தானே? பாலுசாமியைக் கேட்டுச் சொல்றேன்.”

“சரிங்கப்பா.”

விலை படிந்துவிட்டது. வாழ்நாளில் எத்தனையோ பேரம் படிவதைப் பார்த்திருக்கிறேன். படிந்ததும் இரண்டு பக்கமும் ஒரு சின்ன நிம்மதி வரும், வெற்றிலை மடிப்பார்கள். அன்றைக்கு அது யாருக்கும் வரவில்லை. சுந்தரராஜுலு என் பக்கம் திரும்பி, “அளவெடுத்துக்குங்க செட்டியாரே” என்றார். எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமா வெங்கடபதி பஸ்ஸில் வந்தார். தோட்டத்து நிலக்கடலை ஒரு மூட்டை, வாய் நிறையச் சண்டை. பலகையோடு நானும் மைதீன் பிச்சையும் அப்போது உள்ளே இருந்தோம்.

“ஏனுங்க மாப்ளே, என்ற தங்கச்சி என்ன தவிட்டு மூட்டையா?” என்றார் வந்ததும் வராததுமாக.

சுந்தரராஜுலு மகளைப் பார்த்தார். சுபா மேஜைமேல் படத்தை விரித்தாள். ஒரே நாளில் போட்ட படம், கலரெல்லாம் தீட்டியிருந்தாள். அரிசி மூட்டை இல்லை, அண்டா இல்லை. சந்தன நிறச் சுவர், மூலையில் ஒரு பூந்தொட்டி, கட்டிலில் வெள்ளை விரிப்பு. கட்டிலின்மேல் மஞ்சளாக வெயில் அடித்தது.

“இந்த ரூம்புங்களா இது?”

“ஆமாங்க மாமா. கெழக்கு ரூம்புல ரோட்டுச் சத்தம். இங்க அமைதியா இருக்கும். சமையலறை பக்கம், நஞ்சக்காவுக்குப் பார்த்துக்கறதும் சுளுவு.”

வெங்கடபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் குனிந்து பார்த்தார். நான் பயந்துகொண்டிருந்தேன். ஜன்னலை அடைக்கப்போகிற அறைக்குள் அந்த வெயில் எந்த வழியாக வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பத்து ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறவர், வெயில் எங்கிருந்து வரும் என்று தெரியாதவர் இல்லை. கேட்கவில்லை.

“நீ சொன்னாச் சரி கண்ணு. பெத்த தாய்க்கு நீ கெடுதல் நெனைப்பியா?” என்றார். புளிச்சக்கீரைக் கடைசலோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மூணு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அன்றைக்கே மாற்றினோம். அலமாரிகளுக்கு நடுவே கட்டில் செருகினாற்போல நின்றது. மைதீன் பிச்சை ஜன்னலில் பலகையை வைத்து ஆணி அடித்தபோது, ஒவ்வொரு அடிக்கும் ராமாமணி அம்மாளின் இமை துடித்தது. பலகை முக்கால் அங்குலம், முதல் தரம். தரத்தில் நான் குறை வைக்கவில்லை.

கிழக்கு அறைச் சுவரில் கைப்பிடி அப்படியே இருந்தது. கட்டில் இருந்த இடத்தில் சாமி படமும், பித்தளைக் குடத்தில் தண்ணீரும் வைத்தார்கள். மார்கழியில் மழை விட்டது. மணல் காய்ந்தது, வார்ப்பில் ஓட்டை நின்றது. பெரிய கம்பெனியும் திரும்ப ஆர்டர் கொடுத்தது. காய்ந்த மணலுக்கு யாரும் மாலை போடவில்லை, பாலுசாமிக்குப் பட்டுச் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு அம்மாவைத் திரும்பக் கிழக்கு அறைக்குக் கொண்டுபோவது பற்றிப் பேச அந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லை. சுந்தரராஜுலு தினமும் ஃபவுண்டரிக்குப் போகுமுன் அந்த இருட்டறையில் உட்கார்ந்து தன் கையால் ராகிக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போவார். அதையும் சொல்ல வேண்டும்.

மாசியில் நஞ்சம்மாள் கடைக்கு வந்து காற்று மெத்தை கிடைக்குமா என்று கேட்டாள். “முதுகுல புண்ணாயிப்போச்சுங்க. புரட்டிப்போட்டாலும் அதே பக்கந்தான் பார்க்கறாங்க, செவுத்தை. காய்க்காரர் கூவறதுகூட அங்க கேக்காதுங்க.” சுபா என்ன செய்கிறாள் என்று கேட்டேன். “படிக்கறாங்க” என்றாள் நஞ்சம்மாள்.

தேர்வாளர் வருவது பங்குனிக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை என்று தெரிந்ததும் பாலுசாமியிடம் கேட்கப்பட்டது. அவர் நாள் குறித்துக் கொடுத்தார். “திங்கக்கெழமை ஒண்ணரைக்குக் குளிகை பொறக்குதுங்க. அதுக்குள்ள அம்மாவை எடுத்துப்போடோணும். குளிகைல நடந்தது மறுக்கா மறுக்கா நடக்கும். அப்பறம் ஈசானியத்தை விட்டு நோவு போகவே போகாது.”

இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சுபா சிரித்தாள். “அப்ப பரீட்சையைக் குளிகைல எழுதுனா மறுக்கா மறுக்கா பாஸ் பண்ணலாமாங்கண்ணா?” மெலிந்திருந்தாள். சிரிப்பு மட்டும் பழைய மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கட்டிலைக் கிழக்கு அறையில் போட்டோம். குடமும் படமும் மறைந்தன. ராமாமணி அம்மாளைக் குளிப்பாட்டி, புதுப் புடவை சுற்றி, தலையில் முல்லை வைத்திருந்தாள் நஞ்சம்மாள். நான் தோள் பக்கம், மைதீன் பிச்சை கால் பக்கம். அறைக்குள் வந்ததும் வெளிச்சத்தில் அவருக்குக் கண் கூசியது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். தெருவைப் பார்த்தார். சும்மா கிடந்த இடது கை போய்க் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டது.

தேர்வாளர் வரும்போது பன்னிரண்டேகால். கண்ணாடி போட்ட, தடித்த அம்மாள். கூடச் சுபாவின் பேராசிரியை டெய்சி மிஸ், ஆவணியில் ஒருமுறை வந்து இந்த அறையைப் பார்த்தவர். தேர்வாளர் டேப்பை எடுத்துக் கட்டில் உயரம் அளந்தார், கைப்பிடியைத் தடவினார், முட்டி போட்டு உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். படங்களை ஒன்றொன்றாகப் புரட்டினார்.

“எக்ஸலண்ட். இந்த அறைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?”

சுபா வாயைத் திறந்தாள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆயிரம் பொய் சொன்னவன் நான், ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் கட்டிலில் அசைவு. ராமாமணி அம்மாள் இடது கையைத் தூக்கி ஐந்து விரல்களையும் காட்டினார். மடக்கினார். மறுபடி இரண்டு.

“ஏழு மாசமா!” என்றார் தேர்வாளர். “நிக்க முடியுதாம்மா?”

“இன்னிக்கு டயர்டா இருக்கறாங்க மேடம்,” என்றாள் சுபா அவசரமாக. ஆனால் அம்மா கைப்பிடியைப் பிடித்தாயிற்று. நாலரை மாதமாகத் தரையைத் தொடாத கால்கள். புடவைக்குள் அவை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. எழுந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். நாலு வரைக்கும் நின்றார். பொத்தென்று உட்கார்ந்தபோது முதுகில் ரவிக்கைக்குக் கீழே ஈரம் கசிந்து புடவை நனைந்தது. நஞ்சம்மாள் சட்டென்று துண்டோடு பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தேர்வாளர் கைதட்டினார். “நான் எத்தனையோ ப்ராஜெக்ட் பார்த்திருக்கேன் டெய்சி. எல்லாம் மார்க்குக்குச் செய்றது. இது ஒரு மனுஷிக்குச் செஞ்சது.”

டெய்சி மிஸ் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து காய்ந்த துளசி ஒன்றை எடுத்தார். தரையில் குடம் இருந்த வட்டக்கறையைப் பார்த்தார். சுபாவைப் பார்த்தார். துளசியைக் கையில் வைத்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தார். காரில் ஏறும்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

கார் போனபோது ஒன்று பத்து. மைதீன் பிச்சை வந்து கட்டிலோரம் நின்றார்.

“அண்ணா, கொஞ்சம் இருங்க,” என்றாள் சுபா என்னிடம்.

“மணியாச்சுங்க அம்மணி. அப்பா வந்துருவாரு.”

“இன்னும் இருபது நிமிஷந்தானுங்க. கொஞ்சம் தாண்டட்டும்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. நஞ்சம்மாளுக்கு விளங்கிவிட்டது. “அம்மிணி, குளிகை பொறந்துருமுங்க!”

“பொறக்கட்டும்.”

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். மில்லிமீட்டர் பிசகாமல் மூன்று வருஷம் அளந்து படித்த பெண், பாலுசாமியின் குளிகைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. தெருவில் வெயில் காய்ந்தது. ராமாமணி அம்மாள் மகளைப் பார்த்தார், பிறகு மகள் பார்ப்பதைப் பார்த்தார், கடிகாரத்தை.

“தூக்கு,” என்றார்.

“அம்மா, சித்த நேரம்மா. ஒண்ணரை தாண்டிட்டா மறுக்காவும் நீங்க இங்கயே...”

அம்மாவின் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. இந்த வீட்டில் யாரும் ஒரு வருஷமாகக் கேட்டிராத நீளத்துக்கு ஒரு பேச்சு வந்தது.

“வேண்டாங்கண்ணு. ஒருக்காப் போதும்.”

சொல்லிவிட்டு இடது கையை என் பக்கம் நீட்டினார். குனிந்தேன். கை என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. மைதீன் பிச்சை கால் பக்கம் வந்தபோது சுபா எழுந்து அவரை விலக்கிவிட்டு, தானே பிடித்துக்கொண்டாள். ஒண்ணரை ஆக இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது, கன்னி மூலையில் அவரை இறக்கிவிட்டபோது.